சிலுவையில் ஓர் உறுமல்

நீளமாக முடி வளர்க்கிற ஆண்பிள்ளைக்கு எங்கள் பங்குக் கோவிலில் தவக்காலத்தில் மட்டும்தான் மரியாதை. சாம்பல் புதனன்று தொடங்கும், பெரிய வெள்ளியோடு முடிந்துவிடும். உயிர்ப்பு ஞாயிறு காலையிலேயே "இன்னும் வெட்டலியா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். இயேசுவுக்கே தோள் வரைக்கும் முடி உண்டே என்று பீடத்துக்கு மேலே இருக்கும் சுரூபத்தைக் காட்டினால், "அவரு எண்ண வச்சி சீவினு இருக்காரு, நீ?" என்பார் என் அப்பா. (சுரூபத்துக்கு எண்ணெய் வைத்தது பெயிண்டர் என்று அவரிடம் யார் சொல்வது?)

நான் முடி வளர்த்தது பக்தியால்தான். ஆனால் அதை நிரூபிப்பது கஷ்டம். அப்போது நான் ஒரு கிறிஸ்தவ ஹெவி மெட்டல் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். இந்த வாக்கியத்தைக் கேட்கிறவர்களின் முகம் இரண்டு தடவை மாறும். "கிறிஸ்தவ" என்னும்போது ஒரு தடவை மலரும், "மெட்டல்" என்னும்போது ஒரு தடவை சுருங்கும். அதற்குப் பிறகு என் முடியைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு என் அம்மாவைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

"பாடிக்கொண்டிருந்தேன்" என்பதைக்கூட அம்மா ஒப்புக்கொள்ள மாட்டாள். எங்கள் இசையில் பாடகன் குரலைத் தொண்டையிலிருந்து எடுக்கக் கூடாது, அடிவயிற்றிலிருந்து எடுத்து உறும வேண்டும். உறுமும்போது கழுத்தைச் சுழற்ற வேண்டும், முடி ராட்டினம் போலச் சுற்ற வேண்டும். இதற்காக ஆறு வருடம், வாரம் தவறாமல், தவளக்குப்பத்தில் எங்கள் டிரம்மருடைய அப்பாவின் மாட்டுத் தீவனக் குடோனில் பயிற்சி எடுத்தோம். தவிட்டு மூட்டைகள் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பது எங்கள் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரர் தன் பசு பால் குறைத்துவிட்டதாகப் புகார் சொன்னபோதுதான், மூட்டைகள் அவ்வளவாக உறிஞ்சவில்லை என்று தெரிந்தது.

பாட்டெல்லாம் பழைய ஏற்பாட்டிலிருந்துதான். உலர்ந்த எலும்புகள் எழுந்து நிற்கும் காட்சியை நானே வரைந்து போஸ்டராக அடித்தேன். (பிழைப்புக்கு நான் ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர். பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் செய்வேன்.) கோவில் சுவரில் ஒட்டிய அன்றே பங்குப் பேரவையில் பஞ்சாயத்து. நான் விவிலியத்தைத் திறந்து அந்த அதிகாரத்தைக் காட்டினேன். ஃபாதர் பொறுமையாகப் படித்துவிட்டு, "இருக்குதான். ஆனா வேதத்துல இருக்கறத எல்லாம் போஸ்டர் அடிக்கணுமா அமலு?" என்றார்.

எனக்கு ஒரு தத்துவம் இருந்தது. திருப்பாடல்களில் பாதி, குழிக்குள் விழுந்து கிடக்கிற ஒருவன் கடவுளைப் பார்த்துப் போடுகிற கூச்சல். அதை நம் பாடகர் குழு கீபோர்டில் மூன்றாம் நம்பர் ரிதம் போட்டுத் தாலாட்டாகப் பாடுகிறது. குழிக்குள் விழுந்தவன் தாலாட்டா பாடுவான்? இதை நான் யாரிடம் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அவசர வேலை வந்துவிடும். வேலை வராத ஒரே ஆள் மதலேன்.

மதலேன் அதே பாடகர் குழுவில் பாடுபவள், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சர். என் தத்துவம் முழுவதையும் கேட்டுவிட்டு, "தொண்ட வலிக்காதா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மிளகு போட்ட பால் ஒரு பிளாஸ்க் நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? இரண்டு வருடத்தில் எத்தனையோ பிளாஸ்க்.

தடை, அவளுடைய அப்பா. லெயோன் முசே (முசே என்றால் பிரெஞ்சில் ஐயா) பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கைக்குட்டைக்கு இஸ்திரி போடுகிற மனிதர். தமிழைக்கூடக் கட்டளையாகத்தான் பேசுவார். உள்ளூர்ப் பையன் எவன் அவர் பெண்ணைப் பார்த்தாலும் அவன் அவளுடைய பிரெஞ்சு நேஷனாலிட்டியைத்தான் பார்க்கிறான் (கட்டிக்கொண்டால் பாரிஸுக்குப் போய்விடலாமே) என்பது அவர் முடிவு. என் விஷயத்தில் அதோடு முடியும் சேர்ந்துகொண்டது. பாரிஸில் மெட்ரோ ரயில் ஓட்டுகிற ஒரு பையனின் ஜாதகம் போன்ற சமாசாரங்கள் (நாங்கள் ஜாதகம் பார்ப்பதில்லை, ஆனால் பாட்டன் பெயர்வரை விசாரிப்போம்) அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தன. உயிர்ப்பு விழா முடிந்ததும் அந்தப் பையன் நேரில் வருவதாகப் பேச்சு.

இந்த இடத்தில்தான் தவக்காலம் எனக்குக் கைகொடுத்தது. பெரிய வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் பங்கு மக்கள் சிலுவைப்பாதையை நடிப்பார்கள். கோவிலில் தொடங்கித் தெருத்தெருவாகப் போய், வைத்திக்குப்பம் கடற்கரையில் சிலுவையை நட்டு முடிப்பார்கள். அதற்கு வருடா வருடம் லெயோன் முசேதான் இயக்குநர். முந்தைய வருடம் இயேசுவாக நடித்தவருக்கு ஒட்டுமுடி. இயேசு முதல் முறை கீழே விழ வேண்டிய இடத்துக்கு முன்பே அது விழுந்துவிட்டது. கடற்கரைக் காற்றில் இரண்டாம் முறை பறந்தபோது ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடியது. முசே அந்த அவமானத்தை மறக்கவே இல்லை. ஆகவே சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு என் கடைக்கே வந்து நின்றார். என் தலையைச் சுற்றி வந்து பார்த்தார். முடியை ஒரு தடவை இழுத்தும் பார்த்தார்.

"இயேசுவா நடி. சொன்னத மட்டும் செய்யணும். ஒழுங்கா சிலுவையில தொங்கினீன்னா, உயிர்ப்பு விழாவுக்கு அப்புறம் உங்க அப்பாவ வீட்டுக்கு வரச் சொல்லு. சொதப்பினா, பாரிஸ்காரனுக்கு டிக்கெட் போடச் சொல்லிடுவேன்."

ஒரு மனிதன் கல்யாணத்துக்காகச் சிலுவை சுமக்க ஒப்புக்கொண்டது சரித்திரத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும். (கல்யாணத்துக்குப் பிறகு சுமப்பதுதான் வழக்கம் என்பார் அப்பா.)

நடிப்பு சுலபமாகத்தான் தோன்றியது. வசனம் முழுக்க முன்பே பதிவு செய்து பென் டிரைவில் இருக்கும். இயேசுவின் குரல் எங்கள் பழைய உபதேசியாருடையது. தேன் மாதிரிக் குரல். சாட்டையடி படும்போதுகூட அவர் பிரசங்கம் செய்வது போலத்தான் முனகுவார். நான் வாயை மட்டும் அசைத்தால் போதும். வெரோனிக்காவாக நடித்தது மதலேன். என் முகத்தைத் துணியால் துடைக்க வேண்டும். "ஒரே தொடப்பு, ஆலே, அடுத்த ஸ்தலம்" என்று முசே உத்தரவு போட்டிருந்தார். (ஆலே என்றால் பிரெஞ்சில் நட என்று அர்த்தம்.) அவள் ஒத்திகையில் இரண்டாவது தடவை துடைத்ததற்கு எனக்குத் திட்டு விழுந்தது.

பதிவு செய்யாத வசனம் ஒன்றே ஒன்றுதான். இயேசு உயிர் விட்டதும் சிலுவையடியில் நிற்கும் ரோமானிய நூற்றுவர் தலைவன் நிமிர்ந்து பார்த்து, "மெய்யாகவே இவர் கடவுளின் மகன்" என்று சொல்ல வேண்டும். அந்த வேடம் லெயோன் முசேக்கு. தன் குரலுக்கு மைக் எதற்கு என்று நேராகவே சொல்லிவிடுவார். ஆனால் அந்த வருடம் அவருக்கு அது பெரும் சோதனை. நிமிர்ந்து பார்த்தால் அங்கே தொங்குவது நான். ஒத்திகை முழுவதும் அவர் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு, ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்கிற குரலில் அந்த வசனத்தைச் சொல்லி முடித்தார்.

பெரிய வெள்ளி விடிந்தது. நான் ஒருசந்தி, முந்தின நாள் ராத்திரிக்குப் பிறகு பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. சிலுவை சவுக்குக் கட்டை. லேசான கட்டை போதும் என்று நான் கெஞ்சியும் முசே கேட்கவில்லை. சரியாகத்தான் செய்தேன். விழ வேண்டிய இடத்தில் விழுந்தேன். எழ வேண்டிய இடத்தில் எழுந்தேன். வெரோனிக்கா ஒரே தடவை துடைத்தாள், ஆனால் நிதானமாகத் துடைத்தாள். தெரு முழுக்க ஜனங்கள் முழந்தாளிட்டார்கள். போன வாரம்வரை என்னைப் பார்த்தால் மறுபக்கம் திரும்பிக்கொண்ட செபக்குழுத் தலைவி தெரேஸ் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு என் அங்கி நுனியைத் தொட்டாள். பின்னாலேயே ஒலிபெருக்கி கட்டிய லோடு ஆட்டோ, உபதேசியாரின் தேன் குரலை ஊற்றிக்கொண்டு வந்தது.

வைத்திக்குப்பத்தில் படகுகள் கரையேறி மீன் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. மீனவர்களே மணலில் குழி தோண்டி, சிலுவையை நட்டு, மணல் மூட்டைகளை அண்டை கொடுத்தார்கள். என்னை ஏற்றிக் கைகளைக் கயிற்றில் கட்டினார்கள். உச்சி வெயில் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மேலே இருந்து பார்த்தேன். அப்பா அம்மா, மதலேன், பங்கு மொத்தமும் ஒரு பக்கம். மீன் கூடையோடு, அங்கே மீன் விற்கும் அஞ்சலையும் இன்னும் சில பெண்களும் இன்னொரு பக்கம். அவள் அம்மன் கோவில் தீமிதிக்குத் தவறாமல் காப்புக் கட்டுகிறவள். கிறிஸ்துவங்க கூத்து பார்க்க வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. பகைவர்களை மன்னித்தேன். நல்ல கள்வனுக்கு வான்வீடு கொடுத்தேன். அம்மாவைச் சீடனிடம் ஒப்படைத்தேன். அடுத்து எனக்குத் தாகம் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. லோடு ஆட்டோ மணலில் புதைந்து, டிரைவர் அதை முன்னும் பின்னும் ஆட்டியதில், பேட்டரி கிளிப் கழன்றுகொண்டது. தேன் குரல் நின்றுவிட்டது.

கடல் சத்தம் மட்டும் கேட்டது. நான் வாயைத் திறந்தபடி தொங்கினேன். ஜனங்கள் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் இருமினார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வீடியோ எடுத்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கீழே லெயோன் முசேயின் முகம் அவருடைய அங்கியைவிடச் சிவந்தது. போன வருடம் நாய், இந்த வருடம் பேட்டரி. அவர் ஈட்டியால் என் பாதத்தை இடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"கத்திட்டு செத்துடுறா."

வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது. உரத்த குரலில் கத்தி உயிர் விட்டார். மைக் இல்லை. எதிரே வங்காள விரிகுடா. நானும் உபதேசியார் மாதிரி கௌரவமாக ஒரு கத்து கத்தலாம் என்றுதான் மூச்சை இழுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேறு எண்ணம் இல்லை. ஆனால் ஆறு வருடமாக அந்த உடம்புக்கு உரத்த குரல் என்றால் ஒன்றுதான் தெரியும். அடிவயிறு தானாக இறுகியது. தவளக்குப்பத்துப் பசுவின் பாலை நிறுத்திய அதே உறுமல், பட்டினி வயிற்றிலிருந்து, முழு நீளத்துக்கு வெளியே வந்தது.

வந்ததும் கழுத்து சுழன்றது. அதற்கும் பழக்கம். முடி பெரிய வட்டமாக எழுந்து சுற்றியது. முள்முடி கழன்று பறந்து நல்ல கள்வனின் காலடியில் விழுந்தது. சிலுவை ஒரு பக்கமாகச் சாய, நாலு மீனவர்கள் ஓடிவந்து பிடித்தார்கள். குழந்தைகள் வீறிட்டன. படகின் நிழலில் படுத்திருந்த நாய்களெல்லாம் எழுந்து ஒன்றாக ஊளையிட்டன. நான் தலையைத் தொங்கப்போட்டுச் செத்துப்போனேன். அதைவிடப் பாதுகாப்பான இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அஞ்சலைதான் நிதானத்துக்கு வந்தாள். உறுமல், விரித்த தலைமுடி, சுழலும் கழுத்து. இதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? கூடையைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்துட்டா" என்று அறிவித்தாள். ரோமானியப் படை வீரர்களான மறைக்கல்வி மாணவர்கள் அட்டைக் கேடயத்தோடு குறுக்கே நின்றார்கள். அவர்களை ஒதுக்கித் தள்ளிவிட்டுச் சிலுவையடிக்கு வந்து கைகூப்பினாள்.

"யாரும்மா வந்துகிற? வீராம்பட்டினத்து ஆத்தாவா?"

அதே நேரத்தில் மறுபக்கத்திலிருந்து தெரேஸ் அக்கா தீர்த்தப் பாட்டிலோடு வந்துவிட்டாள். அவளுக்கும் இது என்ன என்று சந்தேகமே இல்லை, பேய்தான். கையை நீட்டி அதட்டி ஜெபிக்க ஆரம்பித்தாள். ஒருத்தி என்னை வா என்றாள். ஒருத்தி என்னைப் போ என்றாள். நான் கட்டையில் கட்டப்பட்டிருந்தேன். முகத்தில் தீர்த்தம் பட்டதும் தும்மல் வேறு வந்தது. செத்தவன் தும்மியதில் இரண்டு பேருக்கும் தங்கள் கட்சி உறுதியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஆட்டோ டிரைவர் கிளிப்பைத் தேடிப் பிடித்து மாட்டிவிட்டார். அந்த பிளேயருக்கு விட்ட இடத்திலிருந்து தொடங்கும் நல்ல குணம் உண்டு. கடற்கரை முழுக்கத் தேன் குரல் எழுந்தது: "தாகமாய் இருக்கிறது."

தெரேஸ் அக்கா வாயை மூடினாள். அஞ்சலை அவளைத் திரும்பிப் பார்த்தாள். "தண்ணி கேக்குது பாரு" என்றாள். மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறினாள். இடுப்பில் செருகியிருந்த தண்ணீர் பாட்டிலை என் வாயில் வைத்தாள். ஒரு செத்த மனிதன் செய்யக் கூடாததுதான். ஆனால் ஒருசந்தியும் சவுக்குக் கட்டையும் ஏப்ரல் மாத வெயிலும் சேர்ந்தால் நடிப்பு எவ்வளவு நேரம் தாங்கும்? கண்ணைத் திறந்து, மடக் மடக்கென்று குடித்தேன். பக்கத்தில் என் முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்கு ஆத்தா மறந்துபோனாள் போலிருக்கிறது. முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள்.

"குடி கண்ணு. எவ பெத்த புள்ளையோ, இப்டி வெயில்ல கட்டி வச்சிருக்கானுங்க."

இதை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கீழே நின்ற லெயோன் முசேக்குக் கேட்டிருக்கிறது. அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். (அட்டையில் செய்து துடைப்ப நார் ஒட்டியது.) அந்த நாற்பது நாளில் முதல் தடவையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "மெய்யாகவே" என்றார். நின்றார். "மெய்யாகவே இவர் கடவுளின் மகன்" என்று சொல்லும்போது அந்த மனிதரின் குரல் உடைந்து, கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஜனம் முழுக்க மணலில் முழந்தாளிட்டது. தெரேஸ் அக்கா பாட்டிலோடு முழந்தாளிட்டாள். பின்னால் பிளேயர் தன் பாட்டுக்கு "எல்லாம் நிறைவேறிற்று" என்றது.

"உன் கல்யாணமும் நிறைவேறிடுச்சி" என்றார் அப்பா, என்னை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப் போகும்போது. எனக்கும் அது அன்றோடு முடிந்துபோனதாகத்தான் தோன்றியது. முசே தலைக்கவசத்தை மணலிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். சாயங்காலத்துக்குள் வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. உழவர்கரையில் இருக்கும் என் அத்தை போன் செய்து, நான் இன்னும் கிறிஸ்தவன்தானா என்று அம்மாவிடம் கேட்டாள். மதலேன் அனுப்பியது ஒரே ஒரு செய்தி: "அப்பா ரூம விட்டு வரல." நான் படுக்கையில் கிடந்து பாரிஸ் மெட்ரோவைச் சபித்துக்கொண்டிருந்தேன். உயிர்ப்பு ஞாயிறு பூசைக்குப் போகவும் பயம். போகாமல் இருந்தால் தெரேஸ் அக்கா சொன்னது சரி என்று ஆகிவிடும். போனேன். கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றேன். பூசை முடிந்ததும் முசே நேராக அங்கே வந்துவிட்டார்.

"அந்தச் சத்தம். எங்கேர்ந்து வந்துச்சி?"

"வயித்துலேர்ந்து முசே. நீங்கதான் கத்தச் சொன்னீங்க."

அவர் அதை மறுக்கவில்லை. இஸ்திரி போட்ட கைக்குட்டையை எடுத்து, பிரிக்காமலே திரும்ப வைத்துக்கொண்டார். இளைஞராக ஆப்பிரிக்காவில் இருந்தபோது லாரி கவிழ்ந்து அடியில் மாட்டிக்கொண்ட ஒரு சிநேகிதனைப் பற்றிச் சொன்னார். கதையாகச் சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம், அவ்வளவுதான்.

"அவனும் அப்டித்தான் கத்துனான். இருபது வருஷமா நான் இந்த நாடகம் போடறேன். நம்ம உபதேசியார் பாட்டு பாடற மாதிரி சாவுறாரு. மனுஷன் அப்டி சாவுறதில்ல." கைக்குட்டையைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். "அதுக்காக நீ பண்றத பாட்டுன்னு என்கிட்ட சொல்லாத. சாயங்காலம் உங்க அப்பாவ வரச் சொல்லு."

நான் ஆறு வருடம் தொண்டை கிழியச் சொல்லியும் ஒருவர் காதிலும் ஏறாத தத்துவத்தை, அவர் தூணுக்குப் பின்னால் நின்று நாலு வரியில் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அவர் எதிரில் அழப் பயந்து, "மெர்சி முசே" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னேன். உச்சரிப்பு சரியில்லை என்றார்.

கல்யாணத்துக்கு முடி வெட்டலாமா என்று கேட்டபோது அவரே தடுத்துவிட்டார். அடுத்த தவக்காலத்துக்குத் தேவைப்படும் அல்லவா? அன்றிலிருந்து எங்கள் சிலுவைப்பாதையில் கடைசி ஓலத்துக்குப் பதிவு கிடையாது, நேரடிதான். அஞ்சலைக்கும் அதில் நிரந்தர வேடம், தண்ணீர் கொடுப்பது. யாரும் கேட்கவில்லை, அவளாகவே வந்துவிடுகிறாள். நான் மீன் வாங்கப் போனால் ஒரு கை நெத்திலி அதிகம் போட்டு, ஓரமாக அழைத்து, மருமகளுக்கு எப்போது பிரசவம் ஆகும் என்று குறி கேட்கிறாள். தப்பித்துக்கொள்ள நான் சொன்ன ஒரு கிழமை பலித்தும்விட்டது. இப்போது அவளுடைய சொந்தக்காரர்களும் கேட்கிறார்கள்.

ஆனால் வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற கதை அதுவல்ல. எங்கள் மகளின் ஞானஸ்நானம். வெள்ளை கவுன், சொந்தபந்தம், கோட் சூட்டில் லெயோன் முசே. அதுவரை பூனைக்குட்டி மாதிரிச் சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தையின் தலையில் ஃபாதர் தண்ணீர் ஊற்றினார். குழந்தை மூச்சை இழுத்தது. இழுத்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, அது தொண்டை மூச்சு இல்லை. அடுத்த நொடி கோவில் முழுக்க அந்த உறுமல். ஃபாதர் கையிலிருந்த கிண்ணம் தொட்டிக்குள் விழுந்தது. தெரேஸ் அக்கா பழக்க தோஷத்தில் தீர்த்தத்தைத் தேடினாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் மாமனார் மட்டும் ஓரடி முன்னால் வந்து, விறைப்பாக நின்று, நெஞ்சில் கை வைத்து, மைக் தேவைப்படாத குரலில் சொன்னார்:

"மெய்யாகவே இவள் அவன் மகள்."